சிறு கதவும் பெருங்கடமையும்

பண்டங்களை நெடுந்தொலைவு சுமந்து செல்லும் லாரிகளுள் பெரும்பாலானவை டீசல் எஞ்சினால் இயங்குவன. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியல் வல்லுநர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வகை எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். இதில் தீப்பொறி எழுப்பும் கருவி இல்லை. உருளையினுள் காற்று மிகுதியாக அழுத்தப்பெறுகின்றது. அழுத்தத்தால் அது சூடேறுகின்றது. அச்சூட்டில் தூவப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகின்றது.

இவ்வெரிதலால் ஆற்றல் விளைகின்றது. உடன் தீங்கும் விளைகின்றது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். 21 பங்கு ஆக்சிஜன். இயல்பான நிலையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கூடுவதில்லை. வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி சென்டிகிரேடைக் கடப்பின், இவை பெருமளவில் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. அவை மூச்சுக்குழலுக்கு நோய் செய்வன; மழைநீரையும் அமிலமாக்குவன.

இதனைத் தடுக்க அறிஞர் கண்ட வழி வியப்புக்குரியது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து, மீண்டும் எஞ்சினுக்குள்ளேயே செலுத்தினர். அப்புகையில் ஆக்சிஜன் குறைவு. கரியமில வாயுவும் நீராவியும் மிகுதி. ஆதலின் எரிதலின் சூடு தணிகின்றது. நச்சு வாயுவும் குறைகின்றது. உள்ளே செல்லும் புகையை அளந்து விடும் கதவே 'இ.ஜி.ஆர். வால்வு' எனப்படும்.

இக்கதவுக்குப் பகை கரி. புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் கலந்து அதன்மேல் அப்பிக்கொள்கின்றன. கதவு திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் திணறும், கரும்புகை கக்கும். மூடியபடி சிக்கிக்கொண்டாலோ, வண்டி குறையின்றி ஓடுவதுபோலவே தோன்றக்கூடும். ஆனால் நச்சு வாயு பெருகும்.

கதவைத் துப்புரவு செய்தற்கு முறை உண்டு. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே அதில் கைவைத்தல் வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்னர் வால்வின் மின்கம்பி இணைப்பையும் திருகாணிகளையும் கழற்றி, வால்வை மெல்ல வெளியே எடுக்க வேண்டும். அதற்குரிய கரைநீர்மத்தைத் தெளித்துக் கரியை ஊறச் செய்து, மென்மையான தூரிகையால் தேய்த்தல் நன்று. கூரிய இரும்பால் சுரண்டினால் கதவு பொருந்தும் விளிம்பு கெடும். மின்பகுதியை நீர்மத்தில் அமிழ்த்தலாகாது. கரித்துகள் எஞ்சினுக்குள் விழவும் விடலாகாது. நன்கு உலர்ந்தபின், பழைய கேஸ்கட்டை நீக்கிப் புதியதை இட்டு, திருகாணிகளைச் சீராக முறுக்குதல் வேண்டும். காற்று வடிகட்டியைத் தூயதாக வைத்தலும், வண்டியை வீணே நின்றபடி நெடுநேரம் ஓடவிடாமையும் கரி சேர்வதைக் குறைக்கும்.

இவ்வுழைப்புக்கு அஞ்சிச் சிலர் வழியைத் தகட்டால் அடைத்துவிடுவர். அவர்தம் வண்டி ஓடும், செலவும் மிஞ்சும். ஆயினும், அவ்விழப்பைச் சாலையோரத்தில் நடந்து செல்லும் சிறாரும் முதியோரும் தம் மூச்சினால் ஈடுசெய்ய நேரிடும். கரும்புகையைக் கண் காணும். இந்நச்சையோ பெரும்பாலும் கண் காண்பதில்லை. நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு விதிகள் இவ்வாயுவின் அளவை மேலும் கட்டுப்படுத்தின. எனினும், விதி செல்லாத இடத்திலும் பட்டறையில் ஒருவர் கையிலுள்ள தூரிகை செல்லும். பிறர் காணாத இடத்தைத் தூய்மை செய்பவரே கடமையை முழுமையாகச் செய்தவராவர்.