கூப்பன் புத்தகம் அடிக்கலாமா? மாட்டினால் ஜெயில்!

(நமது நிருபர்)

"சார்... பத்தே பத்து ரூபா தான் சார். கோவில் திருவிழாவுக்கு. முதல் பரிசு பைக்கு!"

மாம்பலம் ரெயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடை. ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம். அந்த வாலிபர் நீட்டிய புத்தகத்தில் நூறு கூப்பன். இதுபோல பத்து புத்தகம் அடித்திருக்கிறார்களாம்.

"பர்மிஷன் வாங்கிட்டீங்களா தம்பி?"

"ஓ! ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து கையெழுத்தே வாங்கிட்டோம் சார்."

அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தால், அது மைக் செட்டு வைக்க வாங்கிய அனுமதி! குலுக்கலைப் பற்றி அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை.

விசாரித்ததில், கூப்பனில் செயலாளர் என்று கையெழுத்துப் போட்டிருப்பதே அந்த வாலிபர்தான். வேலையோ அரசாங்க ஆபீசில் கிளார்க்கு!

ரிசர்வ் வங்கியைக் கேட்க வேண்டும்

நல்ல காரியத்துக்குத்தானே, இதில் என்ன தப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

பணம் வாங்குகிறீர்களா? அதிர்ஷ்டத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறீர்களா? பரிசு கொடுக்கிறீர்களா? இந்த மூன்றும் சேர்ந்தால் அது லாட்டரி. அதற்கு "நன்கொடைக் கூப்பன்" என்று பெயர் வைத்தாலும் சரி, "அன்பளிப்புச் சீட்டு" என்று வைத்தாலும் சரி. 1998-ம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், எந்த உருவத்தில் இருந்தாலும் எந்தப் பெயரில் அழைத்தாலும் லாட்டரி லாட்டரிதான் என்று விளக்கம் சொல்கிறது.

அரசு நடத்தாத, அரசு அங்கீகாரம் தராத லாட்டரியைக் குலுக்குவதற்கு ஒரு இடம் வைத்திருந்தாலே 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 294-ஏ. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 297-வது பிரிவு. "எங்களிடம் குலுக்கல், வாருங்கள்" என்று விளம்பரம் செய்கிறவருக்கு 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

இதைவிடக் கடுமையானது 1978-ம் வருடத்து பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம். மொத்தமாகவோ தவணையாகவோ பணம் வசூலித்து, குலுக்கிப் போட்டு சிலருக்குப் பரிசு கொடுப்பதே இந்தச் சட்டப்படி குற்றம். நடத்துகிறவருக்கு 3 வருடம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்காகக் கூப்பன் அச்சடித்தால், விற்றால் 2 வருடம் வரை. ஆக, ஆர்டர் எடுத்த அச்சகக்காரரும் தப்ப முடியாது!

தர்ம ஸ்தாபனங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் சட்டத்தில் ஒரு சின்ன கதவு திறந்து வைத்திருக்கிறார்கள். மாநில அரசு, ரிசர்வ் வங்கியைக் கலந்துகொண்டு, அந்த நிறுவனத்தின் பெயரை அறிவிக்கையில் வெளியிட வேண்டும். அப்போதுதான் விலக்கு. ஏரியா இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுத் தருகிற சமாசாரம் அல்ல இது.

நம் கிளார்க்குத் தம்பிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அரசு ஊழியர் கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், சஸ்பெண்டு ஆனதாகவே விதிப்படி கணக்கு. பத்து ரூபாய் கூப்பனில் சம்பளமே போய்விடும்!

வாரச் சீட்டு

பாத்திரக் கடை, பர்னிச்சர் கடைக்காரர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

வாரம் 50 ரூபாய் கட்ட வேண்டும். வாரா வாரம் குலுக்கல். சீட்டு விழுந்தவருக்கு கிரைண்டர். அதற்கு மேல் அவர் பணம் கட்ட வேண்டாம். பேட்டைக்குப் பேட்டை நடக்கிற இந்தத் திட்டம்தான் 1978-ம் வருடத்து சட்டம் சொல்கிற "பரிசுச் சீட்டு". நாம் தினம் பார்ப்பதால் சட்டபூர்வம் ஆகிவிடாது.

பதிவு பெற்ற சீட்டுக் கம்பெனி வேறு. அங்கேயும் குலுக்கல் இருக்கலாம். ஆனால் யார் முதலில் எடுப்பது என்பதற்குத்தான் குலுக்கல். எல்லோருக்கும் தொகை உண்டு. அதற்கும் 1982-ம் வருடத்து சீட்டு நிதிச் சட்டப்படி முன்கூட்டியே அனுமதி, பதிவு எல்லாம் வேண்டும்.

"500 ரூபாய்க்குத் துணி எடுத்தால் கார் குலுக்கல்" என்கிற தீபாவளி போர்டு? வியாபாரத்தைப் பெருக்க அதிர்ஷ்டக் குலுக்கல் நடத்துவதை, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் "நேர்மையற்ற வணிக நடவடிக்கை" பட்டியலில் வைத்திருக்கிறது. இனாம் என்று சொல்லி விலையில் ஏற்றுவதும் அதே பட்டியலில்தான். பரிசுத் திட்டம் முடிந்தபின் யாருக்கு விழுந்தது என்று சொல்லாமல் மறைப்பதும் தப்பு. எந்தப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்களோ, அதே பத்திரிகையில் முடிவைப் போட்டால் தெரிவித்ததாக எடுத்துக்கொள்வார்கள். போன தீபாவளி கார் யாருக்குப் போனது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

பரிசு விழுந்தவர் கதி

ஆயிரம் பேரில் உங்களுக்கே பைக்கு விழுகிறது என்று வையுங்கள். கமிட்டிக்காரர்கள் கையை விரிக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால்?

நடக்காது. 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. சட்டம் தடுத்த காரியத்துக்கான ஒப்பந்தமும் செல்லாது. ஜெயித்தவர் சிரிக்க முடியாது, அழுதுகொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

விழுந்தால் வீட்டுக்கு

ஒரு காலத்தில் சர்க்காரே டிக்கெட்டு விற்றது. 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது. தன் எல்லைக்குள் வெளிமாநில டிக்கெட்டைத் தடுக்க மாநிலங்களுக்கு 1998-ம் வருடத்து சட்டமே அதிகாரம் தருகிறது. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை ஒப்புக்கொண்டது.

பக்கத்து கேரளாவில் அரசே லாட்டரி நடத்துகிறது. அங்கே சட்டப்படி விற்கிற டிக்கெட்டை இங்கே கொண்டுவந்து விற்றால் குற்றம். 2 வருடம் வரை கடுங்காவல் கிடைக்கலாம். ஜாமீனில் விட முடியாத பிரிவு. சட்ட விரோத லாட்டரி டிக்கெட்டை வாங்குகிறவரையும் சேர்த்தேதான் அந்தப் பிரிவு சொல்கிறது!

கேரள டிக்கெட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்துப் பணம் கட்டுகிற "மூணு நம்பர்" ஆட்டம் இன்னும் மோசம். துண்டுக் காகிதத்தில் எழுதித் தருவார்கள். டிக்கெட்டே கிடையாது. ஒற்றை எண்ணுக்குப் பரிசு தருவதை 1998-ம் வருடத்து சட்டம் அரசாங்கத்துக்கே அனுமதிக்கவில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி, மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே விஷத்தில் முடிந்தது. காரணமாகச் சொல்லப்பட்டது இந்த ஆட்டம்தான்.

அப்போ என்ன பண்றது?

டீக்கடையில் இதையெல்லாம் சொன்னதும் வாலிபர் முகம் வெளுத்துவிட்டது.

"திருவிழாவுக்குப் பணம் வேணுமே சார்?"

நன்கொடை வாங்குங்கள், ரசீது கொடுங்கள். அதற்கும் பரிசுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். குலுக்கல் வேண்டுமானால், வருகிறவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் டோக்கன் கொடுங்கள். கோலப் போட்டி, ஓட்டப் பந்தயம் வைத்துப் பரிசு கொடுத்தால் அது திறமைக்கு. பணம், அதிர்ஷ்டம், பரிசு மூன்றில் ஒன்றைக் கழற்றிவிட்டால் வம்பு இல்லை.

"ஏற்கெனவே 340 கூப்பன் வித்துட்டோம் சார்..."

அடிக்கட்டையில் பெயர், விலாசம் இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறதாம். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு, முதல் அடிக்கட்டையைப் புரட்டி, "இவங்க நம்ம தெருதான்" என்றபடி கிளம்பினார்.