சர்க்கரையே மருந்தாகும் வேளை

நீரிழிவு உள்ளவர்க்குச் சர்க்கரை நஞ்சு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே சர்க்கரை உயிர் காக்கும் மருந்தாகும் வேளையும் உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்காகக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் திட்டத்துக்கு 'மிட்டாயி' என்று பெயர். முதலில் கேட்டபோது எனக்கு வியப்பாயிருந்தது. எண்ணிப் பார்த்தபின் பொருத்தமாகவே பட்டது.

இந்நோயில், உடலின் தற்காப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. 1922-ஆம் ஆண்டு டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. ஆயினும் ஓர் இடர் உண்டு. நம் கணையம் தேவையறிந்து சுரக்கும், தேவையற்றபோது நிறுத்தும். ஊசியால் செலுத்திய இன்சுலினையோ திரும்பப் பெற இயலாது. சர்க்கரை குறையும்போது அதை உயர்த்தும் 'குளூக்ககான்' என்னும் சுரப்பும் இவர்களுக்கு நாளடைவில் கைகொடுப்பதில்லை.

நாம் விரும்பிச் செல்லும் பொன்முடியையே எடுத்துக்கொள்வோம். 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம் ஏறுகிறோம். காலையில் ஊசி போட்டுக்கொண்ட நண்பர், உணவு தாமதமாகியும் நம்மோடு மேட்டில் நடக்கிறார். உழைக்கும் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை வாரிக்கொள்கின்றன. 100 மில்லிலிட்டர் குருதியில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. 54-க்குக் கீழே இறங்கினால் மூளையே தடுமாறும். குளிர்ந்த மலையிலும் அவருக்கு வியர்க்கும், கை நடுங்கும், காரணமின்றிச் சினப்பார், உளறுவார். குடித்திருக்கிறாரோ என்று ஐயுறுவாரும் உளர்.

நண்பர் நன்றாக விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70-ஐ எட்டவில்லையெனில் மீண்டும் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். தேறியபின் பிஸ்கட்டோ உணவோ தரலாம்.

நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றலாகாது; மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். இன்சுலின் போடவே கூடாது. குளூக்ககான் ஊசி கையிலிருந்தால், பெரியவர்க்கு 1 மில்லிகிராம் தொடைத் தசையில் போடலாம். அது ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை வெளியே அனுப்பும். பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள் விழிப்பு வரும். நெடுநடையாலோ பட்டினியாலோ அச்சேமிப்பு தீர்ந்திருந்தால் பயன் குறையும். ஆகவே ஊசி போட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். அங்கே நாளத்தின் வழியே குளுக்கோஸ் ஏற்றுவர்.

மலையிறங்கியதும் கவலை தீர்ந்துவிடாது. உழைத்த தசைகள் இழந்த சர்க்கரையை மீட்டுக்கொள்வதால், அன்றிரவு உறக்கத்திலும் தாழ்வு வரலாம். படுக்குமுன் சோதிப்பது நன்று.

தோழர்களே! நோயை மறைக்கவேண்டிய நாணம் நோயுற்றவர்க்கு வராதபடி நடந்துகொள்வது நம் கடமை. உடன் வருபவர் சொன்னால்தானே நாம் அறிவோம்? அடுத்த பயணத்தில் குடையோடும் புளிச்சோற்றோடும் ஒரு பொட்டலம் சர்க்கரையும் நம் பையில் இருக்கட்டும்.