சிறப்புத் தடம் காருக்கா, மனிதருக்கா?

என் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். விடியற்காலையிலேயே பிறையில் எங்கள் வீட்டருகே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அதில் நாற்பது பேர் ஏறுகிறார்கள். பினாங்குப் பாலத்தில் நெரிசல் என்றால் அந்த நாற்பது பேரும் காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் ஒருவர் மட்டும் ஓட்டிவரும் காருக்கும் அதே வரிசைதான்.

"இப்பல்லாம் மின்சாரக் கார் நிறைய வருதே, இனி ஜேம் குறையுமா?" என்று ஒருநாள் அம்மா கேட்டார்.

"புகை குறையும்மா, ஜேம் குறையாது" என்றேன். மின்சாரக் காரும் சாலையில் அதே இடத்தைத்தானே அடைத்துக்கொள்கிறது? இந்தச் சின்ன உண்மையை இரண்டு நாடுகள் அனுபவித்துத்தான் கற்றுக்கொண்டன.

ஸ்டிக்கர் தந்த சலுகை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பல நெடுஞ்சாலைகளில் 'கார்பூல்' தடம் உண்டு. பேருந்துகளும், குறைந்தது இருவரோ மூவரோ சேர்ந்து செல்லும் கார்களும் அதில் போகலாம். 2000-ஆம் ஆண்டு முதல் மாசு மிகக் குறைந்த கார்களுக்கு அங்கே விதிவிலக்கு கிடைத்தது. காரில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஓட்டுநர் தனியாகவே அந்தத் தடத்தில் போகலாம்.

2005-இல் ஹைப்ரிட் கார்களுக்கும் இச்சலுகை நீட்டிக்கப்பட்டது. 85,000 ஸ்டிக்கர்களோடு அது நிறுத்தப்பட்டது. ஸ்டிக்கர் இருந்த பழைய கார்கள் கூடுதல் விலைக்கு விற்றன. பணத்தைவிட நேரத்தை மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. அரசுக்கும் மானியச் செலவு இல்லை.

ஆனால் செலவே இல்லை என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே அந்தத் தடத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள்தாம் தங்கள் நேரத்தால் அதற்கு விலை கொடுத்தார்கள். நெரிசல் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நேரமாவது மணிக்கு சுமார் 72 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது அத்தகைய தடங்களுக்கான அமெரிக்கக் கூட்டரசின் அளவுகோல். கார்கள் பெருகினால் இந்த வேகம் எப்படி நிலைக்கும்? 2011 ஜூலையில் ஹைப்ரிட் கார்கள் வெளியேற்றப்பட்டன. பிறகு வந்த மின்சாரக் கார்களுக்கான சலுகையும் 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது.

பேருந்துக்கே இடமில்லை

நோர்வே ஒரு படி மேலே போய், பேருந்துத் தடத்தையே மின்சாரக் கார்களுக்குத் திறந்துவிட்டது. ஓஸ்லோ பகுதியில் 2003-இல் தொடங்கிய திட்டம் 2005-இல் நாடு முழுவதும் வந்தது. வரி விலக்கு, சுங்கக் கட்டணச் சலுகை ஆகியவற்றோடு இதுவும் சேர, மின்சாரக் கார்கள் பெருகின. 2024-இல் அங்கு விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்கள்.

ஆக, திட்டம் வென்றது. அந்த வெற்றியே சிக்கலுமானது. ஓஸ்லோவின் மேற்கே பேருந்துத் தடத்தில் பேருந்தைவிடக் கார்களே அதிகமாயின. 2015-இல் விதி மாறியது. நெரிசல் நேரத்தில் அந்தத் தடத்தில் போக, மின்சாரக் காரில் ஓட்டுநருடன் இன்னொருவராவது இருக்க வேண்டும்.

நம் பாலத்துக்கு என்ன பாடம்?

மலேசியாவில் மின்சாரக் கார்களுக்கு 2025 இறுதி வரை சாலை வரி விலக்கு இருந்தது. வரிச் சலுகை முடியும்போது, "தனித் தடம் கொடுக்கலாமே" என்ற யோசனை எளிதாகத் தோன்றும்.

பினாங்குப் பாலம் 1985-இல் நான்கு தடங்களுடன் திறக்கப்பட்டது. 2009-இல் ஆறு தடங்களாக விரிந்தது. இனி நினைத்தபோதெல்லாம் கடல்மேல் தடம் சேர்க்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தடையின்றி ஓடினால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 2,000 கார்கள் போகலாம். ஒவ்வொன்றிலும் ஒருவர் என்றால் 2,000 பேர். நாற்பது பேர் ஏறும் பஸ்களாக இருந்தால் அதே 2,000 பேருக்கு 50 பஸ்கள் போதும்.

ஒரு தடத்தை ஒதுக்கினால் மற்ற இரண்டில் நெரிசல் கூடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆகவே காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கலாம். முதல் உரிமை பஸ்ஸுக்கும் வேனுக்கும், மூவராவது சேர்ந்து வரும் காருக்கும் இருக்கட்டும். மின்சாரக் காருக்குச் சலுகை தருவதானால் எத்தனை கார்களுக்கு, எந்தத் தேதி வரை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கொடுத்த சலுகையைப் பிறகு பறிப்பது எளிதல்ல.

இன்னொன்றும் உண்டு. புதிய மின்சாரக் கார் வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவர்களை நிற்க வைத்துவிட்டு, வசதி உள்ளவருக்கு வழிவிடுவது என்ன நியாயம்?

தீவிலிருந்து பட்டர்வொர்த் வரை வரவிருக்கும் முத்தியாரா எல்ஆர்டி பாதைக்கான பணி 2025 ஜனவரியில் தொடங்கியது. அது ஓடும்வரை பாலங்களும் ஃபெர்ரியும்தான் நமக்கு வழி. எனவே மாணவ நண்பர்களே, நாளைக்குக் கல்லூரிக்குக் காரில் போகிறீர்களா? பின்னால் எத்தனை இருக்கை காலி என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதே வழியில் வரும் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டால், சாலையில் இரண்டு கார்கள் குறையும். அம்மாவின் பஸ்ஸும் கொஞ்சம் முன்னதாகப் போய்ச் சேரும்.