கேமில் நீங்கள் குடிமகனா, வாடகைக்கு இருப்பவரா? மைசூரு 1881 தரும் விளக்கம்

மைசூருவில் ஹெப்பாள் பக்கம் ஐ.டி. வேலை. ராத்திரி ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் உங்களுக்கு இன்னொரு ஊர் இருக்கிறது. ஆன்லைன் ரோல்பிளே கேமில் நிலம் வாங்கி வீடு கட்டியிருக்கிறீர்கள். தினமும் வரி கட்டுகிறீர்கள். மேயர் உண்டு, கஜானா உண்டு, சட்டதிட்டமும் உண்டு. ஒருநாள் லாக்-இன் செய்தால் உங்களை ஊரைவிட்டே நீக்கியிருக்கிறார்கள். வீட்டுக் கதவு திறக்கவில்லை. யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

"அட, கேம்தானே!" என்பார் ரூம்மேட். ஆறு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக் கட்டினது அவர் இல்லையே.

சரி, இந்த ஊர் ஆட்சி எப்படி நடக்கிறது?

மைன்கிராஃப்ட் சர்வர்களில் பரவலாகப் பயன்படும் 'டவுனி' என்ற ப்ளக்-இன்னை எடுத்துக்கொள்வோம். ஒருவர் காசு கட்டி ஊரை நிறுவுகிறார், அவரே மேயர். நிலத்தை 16-க்கு 16 கட்டங்களாகப் பிடிக்கலாம். நீங்கள் சேர்ந்தால் ஊர்வாசி, மனை வாங்கலாம். உங்கள் வரி ஊர் வங்கிக்குப் போகும். ஊரும் தன் பங்குக்கு சர்வருக்குத் தினசரி பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். வங்கியில் பணம் தீர்ந்தால் பல சர்வர்களில் ஊரே கலைந்துவிடும். மேயருக்கு உதவியாளர்கள் உண்டு, பல ஊர்கள் சேர்ந்து ஒரு நாடாகலாம். சிறைகூட இருக்கிறது!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வரி வசூலிப்பதும் ஆளை நீக்குவதும் நிரலிலேயே இருக்கின்றன. தேர்தல் அப்படியில்லை. ஊர்க்காரர்கள் தேர்தல் நடத்தினாலும் அது பெரும்பாலும் டிஸ்கார்டில்தான் நடக்கும். ஜெயித்தவருக்குப் பதவி மாற வேண்டுமென்றால், தோற்ற மேயர் தன் கையாலேயே அந்தக் கட்டளையை டைப் செய்ய வேண்டும். அவர் மாட்டேன் என்றால்? சர்வர் உரிமையாளரிடம்தான் போக வேண்டும்.

இந்த மாதிரி ஆட்சி மைசூருக்குப் புதிது இல்லை.

1881 மார்ச்சில் ஆங்கிலேயர் மைசூர் ஆட்சியை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி திவான் ரங்காச்சார்லு, மைசூர் பிரஜா பிரதிநிதி சபையைக் கூட்டினார். மைசூருவின் டவுன்ஹால் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், நம்மூர் ஆள். சமஸ்தானங்களிலேயே இப்படி ஒரு சபை இதுதான் முதல் என்பார்கள். வந்தவர்கள் 144 பேர், பெரும்பாலும் நிலக்காரர்களும் வியாபாரிகளும். எல்லோரும் நியமனம்தான், தேர்தல் 1891-இல்தான் வந்தது.

தசராவை ஒட்டிச் சபை கூடும். திவான் வரவு செலவையும் செய்த வேலைகளையும் வாசிப்பார். உறுப்பினர்கள் ஊர்க் குறைகளைச் சொல்வார்கள். அவ்வளவுதான். முடிவெடுக்கும் அதிகாரம் சபைக்குக் கிடையாது. (கேம் நிறுவனம் அப்டேட் குறிப்புகளை வாசித்துவிட்டு, "உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்" என்பது ஞாபகம் வருகிறதா?) புதிய வரி போடுமுன் சபையைக் கலந்துபேச வேண்டும் என்று சட்டமாக வருவதற்கு 1923 ஆயிற்று. அதற்கே 42 வருஷம். அப்போதும் கடைசி வார்த்தை அரண்மனையுடையதுதான்.

யார் ஊர்க்காரர் என்ற சண்டையும் அங்கே இருந்தது. மெட்ராஸ் மாகாணத்திலிருந்து வந்தவர்களே பெரிய பதவிகளைப் பிடிக்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் கொதித்தார்கள். "மைசூர் மைசூர்க்காரர்களுக்கே" என்பது கோஷம். நேற்றுச் சேர்ந்தவருக்கு ஓட்டு உண்டா, ஒரே ஆள் மூன்று கணக்கு வைத்து ஓட்டுப் போடலாமா என்று கேம் ஊர்களில் நடக்கும் தகராறும் இந்த ரகம்தான்.

நிர்வாகிகளே அதிகாரத்தை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பாவெல் கர்டிஸ் உருவாக்கிய லாம்ப்டாமூ என்பது முழுக்க எழுத்திலேயே இயங்கிய ஆன்லைன் உலகம். 1992 டிசம்பரில், சமூகத் தகராறுகளில் இனி நாங்கள் தலையிட மாட்டோம் என்று நிர்வாகிகள் அறிவித்தார்கள். அதன்பின் அங்கே ஒரு பாலியல் அத்துமீறல். செய்தவரை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியும் முடிவு வரவில்லை. கடைசியில் நிர்வாகி ஒருவரே தனியாக அந்தக் கணக்கை அழித்தார். பிறகு மனு, வாக்கெடுப்பு முறை வந்தது. 1996-இல் நிர்வாகிகள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சர்வரை இயக்குபவர் கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கிறது, அதை இல்லாததுபோலக் காட்டுவதுதான் பொய் என்பதே அவர்கள் வாதம். எனக்கு இது நேர்மையான பேச்சாகவே படுகிறது.

ஈவ் ஆன்லைன் கேமில் 2008 முதல் வீரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உறுப்பினர்கள் ஐஸ்லாந்துக்குப் போய் நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் அதுவும் ஆலோசனை சபைதான்.

அதனால் அடுத்த தடவை ஒரு ஊரில் சேரும்போது மேயர் நல்லவரா என்பதோடு நிறுத்தாதீர்கள். மேயர் நீக்கினால் முறையீட்டைக் கேட்க அவரைத் தவிர வேறு ஆள் உண்டா, விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மேயர் இரண்டு மாசம் லாக்-இன் செய்யாவிட்டால் பதவி யாருக்குப் போகும், கஜானாவிலிருந்து யார் எடுக்கலாம் என்பதும் முக்கியம். இன்னொன்று. சர்வர் வாடகையை உரிமையாளர் கட்டாமல் விட்டால், மேயர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் மறைந்துவிடும். மூடும் முன் உலகக் கோப்பை வீரர்களுக்குத் தருவீர்களா என்று அவரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால், வரி கட்டாமலே உங்கள் வீட்டை உங்கள் லேப்டாப்பில் திறந்து பார்க்கலாம்.