மேடையேறிய மக்குப் பையன்

படிப்பு ஏறாத பணக்காரப் பையன் ஒருவன். அவன் பெயரையே வைத்துக்கொண்டு, அவனைவிட ஒரு படி கூடுதலாகச் சொதப்பும் வேலைக்காரன் இன்னொருவன். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகத்துக்கு இந்த இரண்டு சபாபதிகளே போதும். வரவேற்பு பலமாக இருந்ததால் பம்மல் அதற்குப் பல பாகங்கள் எழுதிவிட்டார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். வக்கீல், பிறகு நீதிபதி. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாட்டைக் குறைத்து, வசனத்தை முன்னே நிறுத்தினார்.

1941-ல் ஏ.வி. மெய்யப்பன் அதைப் படமாக்கினார். டி.ஆர். ராமச்சந்திரன் விழி பிதுங்க முழிக்கும் சின்ன முதலாளி, காளி என். ரத்தினம் வேலைக்காரன், தமிழ் வாத்தியார் கே. சாரங்கபாணி. கதாநாயகி ஆர். பத்மா சோப்பு விளம்பரத்தில் வந்து ‘லக்ஸ்’ பத்மா ஆனவர். சினிமாவைவிட சோப்பு பெரிய புகழைத் தந்த காலம் போலும்! மக்கு மாணவனைப் படிக்கவைத்துத் தேற்றுவது, படத்தில், படித்த மனைவி சிவகாமிதான்.

படம் வெளியான தேதி டிசம்பர் 14. அன்று கடலுக்கு அப்பால், தமிழர்கள் ரப்பர் தோட்டங்களில் உழைத்த மலாயாவின் கெடா மாநிலத்தில் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.

8-ஆம் தேதி சயாம் கரையில் இறங்கிய ஜப்பானியர் ஜித்ரா அரணை உடைத்து, அலோர்ஸ்டாரைத் தாண்டி, அதே 14-ஆம் தேதி குரூணில் மோதிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மூன்றரை ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதவர்கள் ஏராளம்.

போர் முடிந்தபின் தோட்டத்துக்கு மீண்டும் வந்த சிரிப்புக்குப் பள்ளிக்கூடமே கொட்டகை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ன் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களில் விதித்திருந்தது. கெடாத் தோட்டங்களிலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை ஒட்டிப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் பள்ளிகள் இருந்தன. பகலில் வாய்ப்பாடு, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ‘சபாபதி’ பாணியில் நாடகம். எழுதுபவர், பாட்டுக் கட்டுபவர், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர் எல்லாம் பெரும்பாலும் அதே வாத்தியார். பம்மல் குறைத்த பாட்டை இந்த வாத்தியார்கள் தாராளமாகச் சேர்த்தார்கள். சினிமா மெட்டில் சொந்த வரிகள்; பாட்டில்லாத நாடகத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? கணக்கில் தப்பு விட்டு முட்டிபோட்ட பையன் வாத்தியாரைப் போலவே நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்க, வேலையை மேற்பார்க்கும் தண்டலும் கணக்கெழுதும் கிராணியும் முன்வரிசையில் இருப்பார்கள். மறுநாள் காலை ஆளெண்ணும் பெரட்டில் அவன் அப்பாவுக்குத் தனி மரியாதை.

1950-களில் இந்தப் பையன்களுக்குப் பத்திரிகையிலும் இடம் கிடைத்தது. சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’வில் கோ. சாரங்கபாணி நடத்திய மாணவர் மணிமன்றம் என்ற பகுதி, தோட்டத்துப் பிள்ளையின் பெயரை அச்சில் காட்டியது. (படத்து வாத்தியாரும் சாரங்கபாணி, பத்திரிகை வாத்தியாரும் சாரங்கபாணி. ஆள் வேறு.) அச்சில் பெயர் வந்தவன் லயத்தில் நடக்கிற நடையே வேறு.

புகழுக்கு மயங்கும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து அமெரிக்கர்களும் 1960-ல் ஓர் இசை நாடகம் போட்டார்கள்: ‘பை பை பேர்டி’. பாடகர் எல்விஸ் பிரெஸ்லி ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சம்பவத்திலிருந்து முளைத்த கதை. பட்டாளத்துக்குப் போகுமுன் பாடகன், சிற்றூர்ப் பள்ளி மாணவி ஒருத்திக்குத் தொலைக்காட்சியில் முத்தம் கொடுத்து விடைபெற வேண்டும், ஊரே அல்லோலகல்லோலம். டோனி விருது பெற்ற அந்த நாடகத்தைப் பிறகு அமெரிக்கப் பள்ளிகளே ஆண்டுதோறும் மேடையேற்றின. அங்கே நட்சத்திரம் ஊருக்கு வந்து சேர்கிறான். கெடாவின் பீடோங்கிலும் கூலிமிலும் நட்சத்திரம் மூன்றாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தான். நம் நாடகத்தில் சிரிப்பு கொஞ்சம் அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

தோட்டத்து மேடைக்கு ஒரே சிக்கல், சிவகாமி. மக்கு சபாபதிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் மனைவியாக மேடையேறப் பெண் கிடைப்பது அரிது. சென்னையில் பம்மலின் சபையிலேயே ரங்கவடிவேலு என்ற ஆண்தான் கதாநாயகி வேடங்களில் கொடிகட்டிப் பறந்தார். தோட்டத்தில் மீசை முளைக்காத பையன்களைத் தேடிப் பிடித்தார்கள். அம்மாவின் சேலையில் மேடையேறிய அந்தப் பையன்களின் கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)