பத்து மாத அட்வான்ஸ்

தொண்ணூறுகளில் சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனவர்கள் வாடகையில் அதிகம் பேரம் பேச மாட்டார்கள். பேரமெல்லாம் அட்வான்ஸில்தான். 2,000 ரூபாய் வாடகை என்றால் 20,000 அட்வான்ஸ். எந்த அரசாணையும் இல்லாமலேயே மயிலாப்பூரிலிருந்து அம்பத்தூர் வரை பத்து மாதம் என்பது நிலைத்திருந்தது. 4,000 ரூபாய் சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு அது ஐந்து மாத உழைப்பு. அவன் கையில் ஏது அவ்வளவு பணம்? ஊரில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போகும். இல்லையென்றால் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டும், ஆபீஸ் சொசைட்டியில் கடன் கேட்க வேண்டும். முதல் வீட்டுக்கான பட்ஜெட் என்பதே அன்றைக்கு இந்த ஒரு தொகையைப் புரட்டுவதுதான்.

சட்டம் என்ன சொன்னது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதே ஊர் பத்து மாதம் வாங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாதம் என்று வரம்பு வைத்தது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு என்று ஒரு சந்தும் விட்டது. அந்தச் சந்து வழியாக லாரியே போகும்.

வீட்டுக்காரர்கள் ஏன் பத்து மாதத்தில் அப்படிப் பிடிவாதமாக இருந்தார்கள்? என் கணக்கு இது. தொண்ணூறுகளின் நடுவில் வங்கி டெபாசிட்டுக்கு 12 சதவீதம் அளவுக்கு வட்டி கிடைத்தது. 20,000 ரூபாயைப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு 2,400. அதாவது வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை போக, பதிமூன்றாவது மாத வாடகையும் சத்தமில்லாமல் வந்துவிடும். குடியிருப்பவருக்கோ காலி செய்கிற அன்று அதே 20,000 வட்டியில்லாமல் திரும்பும், அதுவும் முழுசாகத் திரும்பினால். இன்றைக்கு வட்டி ஆறு, ஏழு சதவீதத்தில் நிற்கிறது. பத்து மாத அட்வான்ஸைக் கட்டிக் காப்பதில் வீட்டுக்காரருக்குப் பழைய லாபம் இல்லை.

அட்வான்ஸ் புரட்ட முடியாதவர்கள் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்குப் போனார்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில், வராந்தா கோடியில் பொதுக் குளியலறை, சாப்பாட்டுக்கு மெஸ். கல்யாணம் நிச்சயமானால்தான் வீடு தேடும் படலம் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை ‘இந்து’ விளம்பரத்தில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, பி.சி.ஓ.வில் ஒரு ரூபாய் நாணயங்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் ஒரு போர்ஷன்: ஹால், அடுக்களை, பின்பக்கம் பொதுக் கிணறோ அடிபம்போ. மாதச் செலவுப் பட்டியல் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். வாடகை, கரண்ட், பால், பேப்பர், மண்ணெண்ணெய். கேஸ் இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. திரி ஸ்டவ்தான் பல முதல் குடித்தனங்களில் பால் காய்ச்சியது.

இன்றைக்குச் சோழிங்கநல்லூரிலோ பெரும்பாக்கத்திலோ முதல் வீடு எடுக்கும் பெண்ணின் கணக்கு வேறு. அடுக்ககத்தில் ஃபிளாட் வாங்கிப் போட்டுவிட்டு பெங்களூருவிலோ துபாயிலோ இருக்கும் உரிமையாளர்கள் பலர் இரண்டு, மூன்று மாத அட்வான்ஸுக்கே சம்மதிக்கிறார்கள். அவர்களுக்கு வீடு காலியாகக் கிடக்காமல் இருந்தால் போதும். 18,000 ரூபாய் வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாத அட்வான்ஸ் 54,000, முதல் மாத வாடகை 18,000, புரோக்கருக்கு ஒரு மாதம் 18,000. சாவி கைக்கு வரும்போது 90,000 போயிருக்கும். பழைய பத்து மாதக் கணக்கில் இதுவே 2,16,000. அட்வான்ஸில் மிச்சமானது பெரிய தொகைதான்.

ஆனால் மிச்சமானதை மாதா மாதம் வேறு கைகள் வாங்கிக்கொள்கின்றன. மெயின்டனன்ஸ் 2,500 என்று சங்கம் ரசீது அனுப்பும். லிஃப்ட், வாட்ச்மேன், ஜெனரேட்டர் டீசல் எல்லாம் அதில் அடங்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அதைத் தனியாகப் பங்கு பிரிப்பார்கள். குடிக்கக் கேன், இன்டர்நெட், வண்டி நிறுத்த இடம். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கக் காசில்லை என்றால் அவையும் மாத வாடகைக்கு வரும். 18,000 வீடு என்று தோழிகளிடம் சொல்வாள். வங்கிக் கணக்கிலிருந்து போவது 24,000-ஐ ஒட்டி இருக்கும். அன்றைய பையன் ஒருமுறை மூச்சுத் திணறிவிட்டு அப்புறம் நிம்மதியாக இருந்தான். இவளுக்கு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் கொஞ்சம் திணறுகிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், அடகு வைக்க வளையல் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றைய முறைதான் கதவைத் திறந்தது என்பேன்.

கரண்ட் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரிய ஊழியர் வந்து ரீடிங்கைப் பேனாவில் எழுதிப் போவார். வாரிய அலுவலகத்தில் வரிசையில் நின்று கட்ட வேண்டும். இப்போது செல்போனுக்குக் குறுஞ்செய்தி வருகிறது, அங்கேயே கட்டிவிடலாம். 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். தனி இணைப்பு உள்ள ஃபிளாட்டில் இதெல்லாம் சரி. தனி வீட்டு மாடி போர்ஷனில் பல இடங்களில் இருப்பது துணை மீட்டர். உரிமையாளர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று தானே ஒரு விலை வைப்பார். இலவச யூனிட்டின் பலன் அவரோடு நின்றுவிடும். ஏ.சி. போடும் கோடையில் இந்த ஒரு வரி பட்ஜெட்டையே கவிழ்த்துவிடும். வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: டைல்ஸை அப்புறம் பாருங்கள், மீட்டர் யார் பேரில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பணத்தில் எழுத முடியாத ஒரு செலவும் உண்டு. முன்பு ‘டு-லெட்’ பலகையிலேயே சைவம் மட்டும், குடும்பத்தினருக்கு மட்டும் என்று எழுதியிருப்பார்கள். சாதியை எழுதிய பலகைகளும் உண்டு. இன்றைக்கு ஆப்பில் அப்படி எழுதுவது குறைவு. போன் போட்டால் மூன்றாவது கேள்வியாக வருகிறது: “நீங்க வெஜ்ஜா, நான்-வெஜ்ஜாம்மா? சொந்த ஊரு எது? அங்க எந்தத் தெரு?” தெருப் பெயரில் சாதி தெரிந்துவிடும் என்ற கணக்கு. பெயரைக் கேட்டவுடனே “இப்பத்தான் வேற பார்ட்டிக்குக் குடுத்தாச்சு” என்று முடித்துக்கொள்வதும் நடக்கிறது. இப்படித் தட்டிக் கழிக்கப்படுகிறவர்கள் தள்ளிப் போய், கிடைக்கிற வீட்டை, கேட்கிற வாடகைக்கு எடுக்கிறார்கள். தனியாக இருக்கப்போகும் பெண்ணுக்கும் இதே கதி. ராத்திரி ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டால் இன்னும் மோசம்.

மாறாத இன்னொன்று ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் புதுக் குடித்தனம் போக நம் ஆட்கள் தயங்குவார்கள். வீடு சும்மா பூட்டிக் கிடக்கும். சாஸ்திரம் பார்க்காதவருக்கு ஆயிரம், ஐந்நூறு குறைத்துப் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது.

காலி செய்யும்போதுதான் அன்றும் இன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எழுதாத வழக்கம். வீடு காலியான ஒரு மாதத்துக்குள் மிச்ச அட்வான்ஸைத் தந்துவிட வேண்டும் என்கிறது புதுச் சட்டம். வீட்டுக்காரர் சொல்வதோ, “புதுசா வர்றவங்க அட்வான்ஸ் குடுக்கட்டும், அதுல தர்றேன்.” அவர் பொய் சொல்லவில்லை; பணம் மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ எப்போதோ போயிருக்கும். விவரம் தெரிந்தவர்கள் அதனால் கடைசி இரண்டு மூன்று மாதம் வாடகை தருவதில்லை. “அட்வான்ஸ்லயே கழிச்சுக்குங்க சார்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முன்பு அதை வாசலில் தயங்கி நின்று சொல்வார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அவர் பார்த்துவிட்டாரா என்று பார்க்கிறார்கள்.