வாத்தின் கல்லீரல் சொன்ன சாட்சி

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் கடற்பகுதியில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறைத் திட்டில் மோதியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. சில ஆண்டுகளில் கரைகள் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டன. ஆனால் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் ஹார்லெக்வின் வாத்துகளின் கல்லீரல் வேறு கதை சொன்னது.

இந்த வாத்து கரையோரப் பாறைகளை ஒட்டியே மேயும். மட்டி, நத்தை, சிறு நண்டு ஆகியவற்றைத் தின்னும். ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே கரைக்குத் திரும்பும். எனவே அதன் உடலில் தெரியும் மாற்றம் அந்தக் கரையைப் பற்றியதுதான்.

ஆனால் அதன் உடலில் எண்ணெயைத் தேடிப் பயனில்லை. எண்ணெயிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களைப் பறவை விரைவில் சிதைத்து வெளியேற்றிவிடும். அதனால் ஆய்வாளர்கள் நஞ்சை விட்டுவிட்டு, நஞ்சைச் சிதைக்கும் நொதியைத் தேடினார்கள். இந்த ஹைட்ரோகார்பன்கள் கல்லீரல் செல்லிலுள்ள ஓர் ஏற்பிப் புரதத்தோடு இணையும். அந்த இணை உட்கருவுக்குள் சென்று ஒரு மரபணுவை முடுக்கிவிட, சைட்டோகுரோம் பி450 1ஏ என்ற நொதி பெருகும்.

வாத்துக்கு மயக்க மருந்து கொடுத்து, கல்லீரலில் சிறு துணுக்கை எடுத்து, தையல் போட்டு விட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் அந்தத் துணுக்கோடு எத்தாக்சிரெசோருஃபின் என்ற பொருளைச் சேர்ப்பார்கள். நொதி அதை வெட்டினால், ஒளிரும் ரெசோருஃபின் உண்டாகும். ஒளிர்வு கூடக் கூட, நொதியின் வேகமும் கூடுதல்.

எண்ணெய் படியாத கரைகளின் வாத்துகளோடு ஒப்பிட்டால், எண்ணெய் படிந்த கரைகளின் வாத்துகளில் 2009-லும் இந்த அளவு கூடுதலாகவே இருந்தது. நஞ்சு நின்றதும் நொதி சீக்கிரமே இறங்கிவிடும். ஆகவே இது 1989-இன் பழைய பாதிப்பு அல்ல. வாத்துகள் அப்போதும் புதிதாக எண்ணெயை உட்கொண்டிருந்தன. காற்றும் அலையும் எட்டாமல் கற்களுக்கும் மணலுக்கும் அடியில் எண்ணெய் சிதையாமல் தங்கியிருந்தது.

பிசிபி, டையாக்சின் போன்ற நஞ்சுகளும் இதே நொதியைத் தூண்டும். அதனால் வாத்துகளின் இரத்தத்தில் பிசிபி அளவையும் தனியாகச் சோதித்தார்கள். மேலும், நொதி கூடியது நஞ்சு உள்ளே போனதற்கு மட்டுமே சான்று. பறவை நோயுற்றதற்கு அல்ல. அதற்கு வேறு ஆதாரம் வேண்டும். 1990-களில் ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்தபோது, எண்ணெய் படிந்த கரைகளில் பெட்டை வாத்துகள் குளிர்காலத்தைப் பிழைத்துக் கடப்பது குறைவு என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்தபோதுதான் பாதிப்பின் முழு வடிவம் புலப்பட்டது.

2013-இல் எடுத்த மாதிரிகளில் இரு வகைக் கரைகளின் வாத்துகளுக்கும் நொதி அளவில் வேறுபாடு இல்லை. விபத்து நடந்து அதற்குள் 24 ஆண்டுகள் ஆகிவிட்டன.